டெக்சாஸ் கவுண்டிகளின் இடப்பெயர்வுக் கணக்கு ஏன் இப்படி முரண்படுகிறது?

நிலவரை: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள 254 கவுண்டிகளுக்கும் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) உள்நாட்டு இடப்பெயர்வு வரைபடம் போடுகிறேன். மாநிலத்துக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் ஹாரிஸ், டல்லாஸ் கவுண்டிகள் இரண்டிலும் மைனஸ் வருகிறது, அதாவது வந்தவர்களைவிடப் போனவர்கள் அதிகம். கணக்கு தப்பா? ஐ.ஆர்.எஸ் (வருமான வரித்துறை) தரவும் ஏ.சி.எஸ் (சென்சஸ் பீரோவின் அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பு) தரவும் வேறு ஒத்துப்போகவே இல்லை.

எண்சுவடி: மைனஸ் சரிதான். ஹாரிஸை விட்டுப் போகிறவர்களில் நிறையப் பேர் மாநிலத்தையே தாண்டுவதில்லை. பக்கத்து ஃபோர்ட் பெண்ட், மாண்ட்கோமரியில் குடியேறுகிறார்கள். வெளிநாட்டு வரவும் பிறப்பும் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடுவதால் மொத்தத் தொகையில் அது தெரியாது. சென்சஸ் பீரோ ஆண்டுதோறும் ஜூலை 1 நிலவரப்படி தரும் மக்கள்தொகை மதிப்பீட்டில் இவை தனித்தனிப் பத்திகளாகவே இருக்கின்றன, பிரித்தே வரையுங்கள். வண்ணம் தீட்ட 1000 பேருக்கு எத்தனை என்ற வீதம் வேண்டும்தான், ஆனால் லவ்விங் கவுண்டியில் 2020 சென்சஸ்படி 64 பேர்தான். இரண்டு குடும்பம் கிளம்பினாலே அங்கே அடர்சிவப்பு! பல ஆண்டுச் சராசரி எடுங்கள்.

கோப்புக்காரன்: இரண்டு தரவும் எண்ணுவதே வேறு. ஐ.ஆர்.எஸ் அடுத்தடுத்த இரண்டு வருட வரிப் படிவங்களின் முகவரியை ஒப்பிடுகிறது. படிவம் போடாத முதியோர், ஏழைகள் அதில் விடுபடுவார்கள். பெற்றோர் படிவத்தில் இருக்கும் கல்லூரி மாணவர் நகராதவராகவே தெரிவார். ஏ.சி.எஸ் ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு, "ஓராண்டுக்கு முன் எங்கே இருந்தீர்கள்" என்பதுதான் கேள்வி. 5 ஆண்டுத் தொகுப்பில்கூடச் சிறு கவுண்டிகளில் பிழை வரம்பு மதிப்பையே விழுங்கிவிடும்.

ஐ.ஆர்.எஸ் கோப்பில் வழக்கமாகச் சறுக்குமிடம் கூட்டல். மாநிலக் குறியீடு 96, 97, 98 உள்ள வரிகள் கூட்டுத்தொகைகள், அவற்றையும் சேர்த்தால் ஒரே ஆள் பல முறை எண்ணப்படுவார். -1 என்றால் மறைக்கப்பட்ட மதிப்பு, எண் அல்ல. 20 படிவத்துக்குக் குறைந்த ஓட்டங்கள் 'இதர' வரியில் போய்விடும். 2011–12இல் முறை மாறியது. அதற்கு முந்தைய வரிசையோடு ஒட்டிக் கோடு இழுக்காதீர்கள்.

நிலவரை: -1ஐக் கூட்டியிருக்கிறேன். இன்னொன்று: அலபாமாவின் புல்லக் கவுண்டியும் வாஷிங்டன் டி.சி.யும் ஒரே கவுண்டிக் குறியீட்டு எண்ணில் விழுகின்றன.

கோப்புக்காரன்: முன்பூஜ்யம் போன வேலை. புல்லக்கின் 01, 011 என்பதும் டி.சி.யின் 11, 001 என்பதும் பூஜ்யம் உதிர்ந்து ஒட்டினால் இரண்டும் 111. மாநிலத்துக்கு 2 இலக்கம், கவுண்டிக்கு 3 என்று நிரப்பிய பிறகு, எழுத்து வடிவிலேயே இணையுங்கள். எக்செலில் திறந்து சேமித்தால் மறுபடி உதிரும்.

வயதுப்படி: வயதைப் பிரிக்காவிட்டால் பிராசஸ் கவுண்டி புரியாது. டெக்சாஸ் ஏ&எம் பல்கலைக்கழகம் அங்கே இருப்பதால் இருபதை ஒட்டிய வயதில் பெரிய வரவு, படிப்பு முடிந்ததும் பெரிய போக்கு; நிகரமாகப் பார்த்தால் ஒன்றும் நடக்காத ஊர் போல இருக்கும். வாக்கர் கவுண்டியில் சிறைகள் உண்டு. சென்சஸ் கைதிகளைச் சிறை இருக்குமிடத்தில் எண்ணுகிறது, ஆகவே அங்கே எண் குதித்தால் முதலில் விடுதி, சிறை மக்கள்தொகையைக் கழித்துப் பாருங்கள்.