50 கிலோ உப்புச் சாக்குக்கு எத்தனை ஜி.எஸ்.எம். துணி சரியாக இருக்கும்?

கேட்டவர்:
வணக்கம். தூத்துக்குடியிலிருந்து கல்லுப்பை 50 கிலோ பிளாஸ்டிக் சாக்குகளில் கட்டி லாரியில் அனுப்பி வருகிறோம். தற்போது வாங்குவது 70 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) சாக்கு என்று பில்லில் இருக்கிறது. இறக்கும் இடத்தில் சாக்கு கிழிந்து உப்புச் சிந்துவதாகப் புகார் வருவதால், 90 ஜி.எஸ்.எம்.முக்கு மாறலாமா என்று யோசிக்கிறோம்.

மறுமொழி (சாக்கு நெசவு ஆலையில் பணிபுரிபவர்):
அண்ணாச்சி, சாக்கு எந்த இடத்தில் கிழிகிறது என்பதைப் பார்க்காமல் எடையைக் கூட்டுவது வீண் செலவு. 60 × 95 செ.மீ. சாக்கின் இரு பக்கமும் சேர்ந்து 1.14 சதுர மீட்டர் என்பதால், 20 ஜி.எஸ்.எம். கூட்டினால் ஒவ்வொரு சாக்கிலும் ஏறத்தாழ 23 கிராம் பிளாஸ்டிக் கூடும்.

பில்லில் உள்ள எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். பாவு (நீளவாக்கு), ஊடை (குறுக்குவாக்கு) இரண்டிலும் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிளாஸ்டிக் நாடா என்று (இதுதான் மெஷ்) எண்ணிக் கூட்டி, டெனியரால் (9,000 மீட்டர் நாடாவின் எடை, கிராமில்) பெருக்கி, 228.6ஆல் வகுத்தால் துணியின் ஜி.எஸ்.எம். கிடைக்கும். 10 × 10 மெஷ், 800 டெனியர் என்றாலும் 70தான். 8 × 8 மெஷ், 1000 டெனியர் என்றாலும் 70தான். ஆனால் இரண்டாவதில் நெசவு தளர்வாக இருப்பதால் தையல் ஓரத்தில் நாடா எளிதில் நழுவும். லேமினேஷன் (பிளாஸ்டிக் பூச்சு) செய்த சாக்கில் பூச்சின் எடையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பூச்சு ஈரத்தைத் தடுக்குமே தவிர, பாரத்தைப் பெரிதாகத் தாங்காது. சுண்ணாம்புத் தூள் அதிகம் கலந்த நாடாவும் தராசில் கனமாகத்தான் நிற்கும். சாக்கில் 10 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றை வெட்டி நகைக்கடைத் தராசில் நிறுத்து, வரும் கிராமை 100ஆல் பெருக்கிப் பாருங்கள்.

மற்றொருவர்:
சாக்குகளை உப்பளத்தில் வெயிலில் அடுக்கி வைக்கிறீர்களா? புற ஊதாத் தடுப்பு சேர்க்காத பாலிப்புரொப்பிலீன் (சாக்கு நெய்யும் பிளாஸ்டிக்) சில மாத வெயிலிலேயே நொறுங்கத் தொடங்கும். நாடாவை விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்கிறதென்றால், எத்தனை ஜி.எஸ்.எம். போட்டும் பயனில்லை.

கேட்டவர்:
சாக்குகள் கொட்டகைக்குள்தான் இருக்கின்றன, நாடா உதிரவில்லை. லேமினேஷனும் இல்லை. வெட்டிய துண்டு 0.69 கிராம் நின்றது. திரும்பி வந்த சாக்குகளைப் பிரித்துப் பார்த்ததில், பெரும்பாலானவை அடித்தையலை ஒட்டியே விட்டிருக்கின்றன. சிலவற்றில் லோடுமேன் கொக்கி போட்ட துளை நீளமாகக் கிழிந்திருக்கிறது.

மறுமொழி (சாக்கு நெசவு ஆலையில் பணிபுரிபவர்):
அப்படியானால் எடை சரியாகவே இருக்கிறது. முதலில் கவனிக்க வேண்டியது தையல்தான். வெட்டிய ஓரத்தை ஒரே மடிப்பாக மடித்து விளிம்புக்கு மிக அருகில் தைத்தால், உப்பின் பாரம் இழுக்கும்போது ஊடை நாடாக்கள் ஒவ்வொன்றாகத் தையலை விட்டு உருவிக்கொண்டு வந்துவிடும். தையலை மிக நெருக்கமாகப் போடுவதும் கூடாது, ஊசித் துளைகளின் வரிசையே கிழிசலுக்கு வழிவிடும். அடிப்பக்கத்தை இரட்டை மடிப்பாக மடித்து இரு வரித் தையல் போடச் சொல்லுங்கள்.

கொக்கியை நிறுத்த முடியாவிட்டால் மட்டும் 10 × 10 மெஷ், 900 டெனியருக்கு மாறுங்கள், 79 ஜி.எஸ்.எம். அளவில் வரும். 90 தேவையில்லை என்பது என் கருத்து. ஆர்டர் கொடுக்கும்போது மெஷ், டெனியர், மடிப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள், வெறும் ஜி.எஸ்.எம். மட்டும் எழுதினால், எதைக் கொண்டு எடையை நிரப்புவது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.