வால்டர் பேட்டன் 86 ஃபம்பிள், கர்டிஸ் மார்ட்டின் 29. இதை எப்படி ஒப்பிடுவது?

நாலாவதுடவுன் கேட்கிறார்:

என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ரன்னிங் பேக்குகளின், அதாவது பந்தைச் சுமந்து ஓடுபவர்களின், மொத்த ஃபம்பிள் (பந்தைக் கைநழுவ விடுவது) கணக்கைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. டோனி டார்செட் 90, ஃப்ராங்கோ ஹாரிஸ் 90, வால்டர் பேட்டன் 86, எமிட் ஸ்மித் 61. எல்லோருமே ஹால் ஆஃப் ஃபேம் (ஆட்டத்தின் தலைசிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியல்) ஆட்கள். இன்னொரு பக்கம் கர்டிஸ் மார்ட்டின் வெறும் 29. அப்படியானால் பேட்டனுக்குப் பந்தைப் பிடிக்கத் தெரியவில்லை என்றா எடுத்துக்கொள்வது? நல்ல ரன்னிங் பேக் எத்தனை முறைக்கு ஒருமுறை பந்தை விடலாம்? இது பயிற்சியால் சரியாகிற விஷயமா, கைவாகா?

யார்டுகணக்கு:

மொத்த எண்ணிக்கையை அப்படியே வைத்துப் பேசினால், அதிக வருடம் ஆடியவர்தான் எப்போதும் மோசமாகத் தெரிவார். பந்து கையில் வந்த தடவைகளால் வகுத்துப் பாருங்கள். ஓட்டத்தையும் பிடித்த பாஸையும் கூட்டினால்:

எமிட் ஸ்மித் 4,409 ஓட்டம், 515 கேட்ச். 61 ஃபம்பிள் என்றால் ஏறத்தாழ 81 தடவைக்கு ஒன்று. பாரி சாண்டர்ஸ் 3,062 ஓட்டம், 352 கேட்ச், 41 ஃபம்பிள்; 83 தடவைக்கு ஒன்று. பேட்டன் 3,838, 492, 86. 50 தடவைக்கு ஒன்று. டார்செட் 37க்கு ஒன்று. மார்ட்டின் 3,518 ஓட்டம், 484 கேட்ச், அதில் 29 மட்டும். 138 தடவைக்கு ஒருமுறை! என்னைக் கேட்டால் 14,101 யார்டு ஓடியதைவிட இதுதான் அவருடைய பெரிய சாதனை.

பாரி சாண்டர்ஸ் கணக்கைக் கவனியுங்கள். அத்தனை வளைந்து நெளிந்து, பின்னால் ஓடி, சுழன்று ஆடியவர், நேர்கோட்டில் முட்டிக்கொண்டு போன எமிட்டுக்குச் சமமாகப் பந்தைக் காப்பாற்றியிருக்கிறார். ஆடும் பாணிதான் காரணம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தன் அணியே பந்தைத் திரும்ப எடுத்தாலும் அது ஃபம்பிள்தான். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடும் கிக் ரிட்டர்னில் விட்டதும் அதே கணக்கில் சேரும். பேட்டன் ஆரம்ப வருடங்களில் கிக்காஃப் ரிட்டர்ன் செய்தவர், அவ்வப்போது பாஸும் எறிந்தவர். அதனால் என்னுடைய வகுத்தல் அவருக்குக் கொஞ்சம் அநியாயம்.

பழையடர்ஃப்:

யார்டுகணக்கு சொன்னதோடு காலத்தையும் சேர்க்க வேண்டும். டார்செட், ஹாரிஸ், பேட்டன் ஆடிய நாட்களில் லீக் முழுக்கவே ஃபம்பிள் அதிகம். உள்ளங்கை ஒட்டும் இன்றைய கையுறை அப்போது கிடையாது. நடுவர் முடிவை வீடியோவில் சரிபார்க்கும் ரீப்ளே முதலில் வந்ததே 1986இல். 1991க்குப் பிறகு நிறுத்தி, 1999இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். முழங்கால் தரையில் பட்ட பிறகு பந்து நழுவியிருந்தாலும், நடுவர் ஃபம்பிள் என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

எரிக் டிக்கர்சன் 1984இல் 2,105 யார்டு ஓடினார். ஒரே சீசன் சாதனையாக நாற்பது வருடம் கடந்தும் அது நிற்கிறது. அதே சீசனில் அவர் விட்டது 14. ஓட்டமும் கேட்சும் சேர்ந்து 400 தடவை, அதாவது 29க்கு ஒன்று. இன்றைக்கு அந்த விகிதத்தில் விடுகிறவரைப் பயிற்சியாளர் நவம்பர் வரை களத்தில் வைத்திருக்க மாட்டார். 2013இல் பேட்ரியட்ஸின் ஸ்டீவன் ரிட்லி தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் பந்தை விட்டார். அடுத்த ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் பெலிசிக் அவரைச் சீருடைகூட அணிய விடவில்லை.

உள்கை:

பயிற்சியால் மாறுமா என்ற கேள்விக்கு டிக்கி பார்பர்தான் பதில். 2000 முதல் 2003 வரை நான்கு சீசனில் 35 ஃபம்பிள். 2004இல் டாம் காஃப்லின் தலைமைப் பயிற்சியாளராக அவருடைய ஜயண்ட்ஸ் அணிக்கு வந்தார், கூடவே ரன்னிங் பேக் பயிற்சியாளராக ஜெரால்ட் இங்ரம். அடுத்த மூன்று சீசனில் மொத்தம் 9. 2005இல் 411 தடவை பந்து கையில் வந்து, ஒரே ஒருமுறைதான் விட்டார்.

மாற்றியது பிடியை. முன்பு பந்து இடுப்புப் பக்கம் தாழ்வாக, கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் இருக்கும். அதை நிமிர்த்தி மார்போடு உயர்த்தினார்கள். மணிக்கட்டு எப்போதும் முழங்கைக்கு மேலே. பந்தின் நீளம் 11 அங்குலம், இரண்டு முனையும் கூர். எந்த முனை திறந்திருக்கிறதோ அங்கேதான் எதிராளி குத்துவான். ஆகவே விரல்கள் மேல்முனையை மூட வேண்டும். உள்ளங்கையும் முன்கையும் பக்கவாட்டில் அழுத்த, கீழ்முனை முழங்கை மடிப்பில் புதைந்திருக்க வேண்டும். மறுபக்கம் விலா எலும்பு.

இது கெடுவது பெரும்பாலும் முழுவேகத்தில். கை வீசும்போது முழங்கை உடம்பை விட்டு விலகும், விலாவுக்கும் பந்துக்கும் நடுவே இடைவெளி வரும். பின்னாலிருந்து வருகிறவன் அதற்காகவே காத்திருப்பான். பேர்ஸ் அணியின் சார்லஸ் டில்மன் ஓடுபவரை மடக்கி டேக்கிள் செய்தபடியே பந்தை முஷ்டியால் குத்துவார். 2012இல் மட்டும் 10 பந்தைத் தட்டிவிட்டார். அடுத்தது, ஒருவன் பிடித்து நிறுத்திய பிறகும் ஒரு யார்டுக்காக இழுபறி செய்வது. முதல் ஆள் பிடித்துக்கொள்ள, இரண்டாவது ஆள் உருவுவான். மூன்றாவது, விழும்போது கையை ஊன்றுவது.

கூட்டத்துக்குள் நுழையும்போது மறுகையையும் பந்தின் மேல் போர்த்தச் சொல்வார்கள். திறந்த வெளியில் அது வேண்டாம்: வேகம் குறையும், எதிராளியைத் தள்ளிவிட கை இருக்காது. அங்கே பந்து எல்லைக்கோட்டுப் பக்கக் கையில் இருந்தால் போதும்.

ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், ரன்னிங் பேக்கின் கையில் பந்தைக் கொடுக்கும் ஹேண்ட்-ஆஃபையும் மறக்கக் கூடாது. குவார்ட்டர்பேக் நிற்கும் பக்கத்துக் கை மேலே, மார்பு உயரத்தில். மறுகை வயிற்றுக்குக் கீழே, உள்ளங்கை மேல்நோக்கி. தவறான கையை உயர்த்தினால் பந்து முழங்கையில் மோதித் தெறிக்கும். ரன்னிங் பேக் பந்தைப் பார்க்கக் கூடாது, ஓட வேண்டிய இடைவெளியைப் பார்க்க வேண்டும். பந்தை வயிற்றில் வைப்பது குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு.

நாலாவதுடவுன்:

அருமை, மூவருக்கும் நன்றி. இன்னொன்று: எதிரணியிடம் இழந்த ஃபம்பிளை மட்டும் எடுத்து ஒப்பிடலாமா? டச்டவுன் புள்ளிக்காக, ஆடுகளத்தின் முனையிலுள்ள கோல் லைனில் பந்தை நீட்டுவது எந்த அளவுக்கு ஆபத்து?

பழையடர்ஃப்:

இழந்ததை மட்டும் எடுக்காதீர்கள். பந்து உருள ஆரம்பித்த பிறகு யார் மேல் விழுகிறார்கள் என்பது கிட்டத்தட்ட நாணயச் சுண்டல். ஓடுபவரின் திறமை விடுவதோடு முடிந்துவிடுகிறது. சில சமயம் அவர் கையிலும் இல்லை. 1991 ஜனவரியில் 49ஏர்ஸ் 13-12 என முன்னிலையில் இருந்தபோது, ஜயண்ட்ஸின் எரிக் ஹோவர்டின் ஹெல்மெட் 49ஏர்ஸின் ரோஜர் கிரெய்க் வைத்திருந்த பந்தில் இடித்தது. லாரன்ஸ் டெய்லர் பிடித்தார், ஜயண்ட்ஸ் கடைசி நொடியில் பந்தை உதைத்து ஃபீல்ட் கோல் அடித்து 15-13 என ஜெயித்தார்கள்.

கோல் லைன் விஷயம்: பந்தின் நுனி கோட்டைத் தொட்ட நொடியே டச்டவுன், அதன்பிறகு நழுவினாலும் கவலையில்லை. அதற்கு முன்னால் நழுவி, கோட்டுக்கு அப்பாலுள்ள எண்ட் சோனுக்குள் போய் யார் கையிலும் சிக்காமல் வெளியேறினால் டச்பேக். எதிரணிக்கு 20 யார்டு கோட்டில் பந்து. ஆகவே முதல் மூன்று டவுனில் (ஓர் அணிக்குத் தொடர்ந்து கிடைக்கும் நான்கு முயற்சிகளில்) நீட்டவே கூடாது. நான்காவது டவுனில் நீட்டலாம், எட்டாவிட்டால் எப்படியும் பந்து எதிரணிக்குத்தான்.