நூறு நாள் வேலை: 1 கோடி செலவழித்தால் எத்தனை பேருக்கு வேலை?

காவிரிக்கரை:
நூறு நாள் வேலைக்கு 2025-26 மத்திய பட்ஜெட்டில் 86,000 கோடி ஒதுக்கினார்கள். இத்தனை கோடி மனித நாட்கள் (ஓர் ஆள் ஒரு நாள் செய்யும் வேலை ஒரு மனித நாள்) என்று கணக்கும் காட்டுகிறார்கள். இதெல்லாம் புதிதாக முளைத்த வேலையா, இல்லை நடவுக்குப் போகவேண்டிய ஆளை ஏரிக்கரைக்குக் கூப்பிட்டு எழுதிக்கொள்வதா? 1 கோடிக்கு எத்தனை வேலை என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

தணிக்கைத்தாள்:
நிர்வாகச் செலவை விட்டுவிடுவோம். 2005 வேலை உறுதிச் சட்டப்படி குறைந்தது 60 சதவீதம் உடலுழைப்புக் கூலிக்குப் போகணும். பொருட்களும் கொத்தனார் கூலியும் மீதி 40க்குள். ஆக 60 லட்சம் கூலி. 2025-26ல் தமிழ்நாட்டுக்கு நாளொன்றுக்கு 336 ரூபாய். வகுத்தால் ஏறக்குறைய 17,850 மனித நாள். வருஷம் 250 நாள் ஓடுகிற முழுநேர வேலை என்று பார்த்தால் 71 பேர், அவ்வளவுதான். அடுத்த வருஷம் பணம் வராவிட்டால் அந்த 71ம் இல்லை. வெறும் மண்வேலை என்றால் கூலிப் பங்கு கூடும், எண்ணிக்கையும் கூடும். ஆனால் கரை அடுத்த மழைக்கு நிற்குமா என்பது வேறு விஷயம்.

336 கையில் வரும் என்பதும் நிச்சயமில்லை. வேலைக்கு முன்னும் பின்னும் அளவெடுத்து, வெட்டிய மண்ணின் கன அளவுக்குத்தான் கூலி. ஒப்பந்தக்காரர் கூடாது, ஆள் செய்யக்கூடிய வேலைக்குப் பொக்லைனும் கூடாது. பொக்லைனில் வெட்டிவிட்டு வருகைப் பதிவேட்டில் பெயரை நிரப்புவதுதான் பழைய தில்லுமுல்லு. அதைத் தடுக்க 2023 ஜனவரியிலிருந்து செயலியில் தினம் இருமுறை படம் கட்டாயம். பழைய படத்தையே திரும்பப் படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025ல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது!

கூலிக்கணக்கு:
71 சரி. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். பிரியாத ஆந்திராவில் 8 மாவட்டங்களில், குலுக்கல் முறையில் தேர்ந்த மண்டலங்களுக்கு (நம் ஒன்றியம் மாதிரி) மட்டும் முதலில் கைரேகை பார்த்துக் கூலி தரும் ஸ்மார்ட் கார்டு கொடுத்து, பொருளாதார அறிஞர்கள் முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் மூவரும் ஆய்வு செய்தார்கள். கூலி சீக்கிரம் வந்தது, கசிவு குறைந்தது. ஏழைக் குடும்பங்களின் வருமானம் கூடியதில் பெரும்பகுதி திட்டப் பணமே அல்ல, திட்டத்துக்கு வெளியே பார்க்கிற வேலையின் கூலி ஏறியதால் வந்தது. தனியார் வேலையும் குறையவில்லை. கூலியை நாலைந்து நிலக்காரர்களே தீர்மானிக்கிற ஊரில், கூலி ஏறினால் வேலை சுருங்கும் என்ற பாடப்புத்தக விதி பலிக்காமல் போகலாம். ஆனால் ஒன்று: அந்த ஆய்வு ஒப்பிட்டது ஒழுங்காக நடந்த திட்டத்தையும் ஏனோதானோ என்று நடந்த திட்டத்தையும். திட்டமே இல்லாத ஊரோடு அல்ல. உங்கள் சந்தேகம் அதனால் முழுசாகத் தீராது.

தணிக்கைத்தாள்:
ஒப்புக்கொள்கிறேன். அரசுக் கணக்கை வைத்து அதைத் தீர்க்கவும் முடியாது. வேலை கேட்டு 15 நாளில் கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி தரணும். முதல் 30 நாள் கூலியில் குறைந்தது கால் பங்கு, பிறகு குறைந்தது பாதி. அது மாநிலத்தின் தலையில். அதனால் வேலை கேட்டதற்குத் தேதியிட்ட ரசீதே பல இடங்களில் தரமாட்டார்கள். வேலை கையிருப்பில் இருக்கும் நாளில்தான் 'கேட்டார்கள்' என்று பதிவாகும். 'கேட்டவர் எல்லாருக்கும் கொடுத்தோம்' என்ற வரியை அப்படிப் படியுங்கள்.

கூலிக்கணக்கு:
2005 சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் வந்த புதுச் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். நாள் 125, ஆனால் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் செலவில் 40 சதவீதம் போடணும். நடவு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வேலை கிடையாது. ஆள் கிடைக்கவில்லை என்ற நிலக்காரர் புகாருக்கு அது பதில். கூலி பேரம் பேச ஆளுக்குத் தெம்பு இருப்பதும் அந்த 60 நாளில்தான்.