எலக்ட்ரெட் ஒலிவாங்கியும் அதன் மின்தடையும்: என்ன பெயர் வைக்கலாம்?

> எலக்ட்ரெட்டுக்கு "நிலைமின்காந்தம்" பொருந்துமா?
> "பயாஸ் ரெசிஸ்டர்" = சார்பு மின்தடை. இதில் சிக்கல் இல்லைதானே?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிலைமின்காந்தம் வேண்டாம். மின்காந்தம் என்றாலே கம்பிச்சுருளும் இரும்பும்தான் நினைவுக்கு வரும். எலக்ட்ரெட்டில் இரண்டும் கிடையாது. ஆனாலும் சொன்னவர் என்ன நினைத்துச் சொன்னார் என்பது புரிகிறது. 1885-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஆலிவர் ஹெவிசைட் எலக்ட்ரெட் என்ற பெயரை உருவாக்கியபோது அவரும் காந்தத்தை வைத்துத்தான் யோசித்தார்: நிலைக்காந்தம் காந்தத்தன்மையை விடாமல் வைத்திருப்பதுபோல, மின்னூட்டத்தை விடாமல் வைத்திருக்கும் பொருள். பிறகு ஜப்பானில் எகுச்சி என்பவர் கார்னாபா மெழுகையும் பிசினையும் உருக்கி, வலுவான மின்புலத்தில் வைத்தபடியே ஆறவிட்டு அதைச் செய்தும் காட்டினார். மைக்குக்குள் அது வந்தது 1962-இல். பெல் ஆய்வகத்தின் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் மெல்லிய பாலிமர் படலத்தைக் கொண்டு செய்தார்கள்.

என் பரிந்துரை "மின்னிருத்தி". மின்னூட்டத்தை உள்ளே இருத்திக்கொள்வது. மின்தேக்கியோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். தேக்கியது வடியும், இருத்தியது இருக்கும். அணைக்கட்டு பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கடையில் இதை "கண்டென்சர் மைக்" என்றுதான் கேட்டு வாங்குகிறோம். அதை அப்படியே "மின்தேக்கி ஒலிவாங்கி" ஆக்கினால், 48 வோல்ட் கேட்கும் ஸ்டுடியோ மைக்கும் சட்டைப்பொத்தான் அளவுள்ள இந்த மைக்கும் ஒரே பெயரில் நிற்கும்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சார்பு மின்தடை என்பது தப்பு. ஏன் என்று தெரிய மைக்கைத் திருப்பிப் பாருங்கள்.

பின்பக்கம் இரண்டு ஈயப்புள்ளிகள் இருக்கும். ஒன்றிலிருந்து மெல்லிய செம்புக்கோடுகள் ஓரத்து அலுமினிய உறை வரை ஓடும், அதுதான் கிரவுண்டு. மற்றது உள்ளே இருக்கும் எஃப்இடி என்ற டிரான்சிஸ்டரின் டிரெயின் முனை, அதாவது மின்னோட்டம் உள்ளே வரும் கால். படலம் அதிரும்போது அதற்கும் எதிரே உள்ள உலோகத்தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறும், மின்தேக்குத்திறன் மாறும், மின்னூட்டம் மட்டும் மாறாது. ஆகவே மின்னழுத்தம் மாறும். ஆனால் அந்தத் தேக்குத்திறன் சில பிக்கோஃபாரடுதான். நேராகக் கம்பி இழுத்தால் சிக்னல் வழியிலேயே செத்துவிடும். அதனால்தான் உறைக்குள்ளேயே ஒரு எஃப்இடி. படலத்துக்கு பேட்டரி வேண்டியதில்லை, எஃப்இடிக்கு வேண்டும். (இதனால்தான் வேறொரு நண்பர் சொன்ன "தானூட்ட ஒலிவாங்கி"யும் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பெயரைப் படிக்கிற மாணவன் பேட்டரியே இல்லாமல் வயரை ஒட்டிவிட்டு, மைக் போய்விட்டது என்று தூக்கிப்போடுவான்.)

எஃப்இடியின் டிரெயினுக்கு ஒரு மின்தடை வேண்டுமல்லவா? அது உறைக்குள் இல்லை. நாம் 9 வோல்ட்டிலிருந்து மைக்குக்குப் போடும் 10 கிலோ ஓம்தான் அது. அதாவது ஒரு சின்னப் பெருக்கியின் பாதி மைக்குக்குள், மீதி நம் பலகையில். அந்த மின்தடையின் மேல்தான் சிக்னலே உண்டாகிறது. அதன் வேலை சுமை. ஆகவே "சுமைத்தடை". ஆங்கிலத்தில் பயாஸ் என்று பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்ய வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த கட்டமாக, சிக்னலைப் பெருக்க, ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போடுகிறோம். அதன் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே ஒரு மெகா ஓம் இருக்கிறதே, பேஸுக்குச் சிறு மின்னோட்டம் கொடுத்து டிரான்சிஸ்டரை வேலைக்குத் தயாராக வைப்பது, அதுதான் உண்மையான சார்பு மின்தடை. ஒரே சுற்றுப்படத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் கட்டுரை எழுதுகிறவருக்கே தலை சுற்றும்.

சுமைத்தடை என்று புரிந்துகொண்டால் பழுது பார்ப்பதும் எளிது. மைக் முனையில் மல்டிமீட்டரை வையுங்கள். மைக் 0.3 மில்லியாம்பியர் இழுத்தால் 10 கிலோ ஓமில் 3 வோல்ட் இறங்கி, 6 வோல்ட் காட்டும். முழு 9 காட்டினால் மைக் வழியாக மின்னோட்டமே போகவில்லை. பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட், அல்லது மின்தடை சரியாகப் பற்றவில்லை. பிசி547-இன் பேஸில் 0.6 வோல்ட்தான் இருக்கும் என்பதால், மைக்குக்கும் பேஸுக்கும் நடுவே போடும் 1 மைக்ரோஃபாரடு மின்தேக்கியின் பிளஸ் கால் மைக் பக்கம் வரவேண்டும்.

---

> என் பரிந்துரை "மின்னிருத்தி".

ஐயா, சுமைத்தடைக்கு என் முழு ஆதரவு. இலங்கையில் நாங்கள் "சுமைத் தடையி" என்போம், பொருள் மாறாது.

ஆனால் மின்னிருத்தியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ. "மின்நிறுத்தி" என்றுதான் காதில் விழும். வகுப்பில் ஆசிரியர் சொல்ல, பிள்ளைகள் சுவிட்ச் என்று எழுதி வைப்பார்கள். ரகர றகர வேறுபாட்டை நம்பி ஒரு கலைச்சொல்லை விடலாமோ? "மின்னூட்டந்தாங்கி" கொஞ்சம் நீளம்தான், ஆனால் மயக்கம் தராது. எங்கள் பக்கம் "ஏற்றந்தாங்கி" என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு நடைமுறைக் கேள்வி: ஸ்பீக்கரை ஓட்டும் எல்எம்386 பெருக்கிச் சில்லையும் அதே பேட்டரியில் இணைத்தால் ஸ்பீக்கர் படகு மோட்டர்போலப் புடுபுடுக்கிறது. இதற்கும் பெயர் வைக்கவேண்டுமா, இல்லை நிறுத்தினால் போதுமா?

---

நிறுத்தினால் போதும். ஸ்பீக்கர் இழுக்கும் இழுப்பில் பேட்டரியின் மின்னழுத்தம் ஆடுகிறது. அந்த ஆட்டம் சுமைத்தடை வழியாக மறுபடி மைக் முனைக்கே வந்து, பெருகி, திரும்ப ஸ்பீக்கருக்குப் போகிறது. பேட்டரிக்கும் சுமைத்தடைக்கும் நடுவே 1 கிலோ ஓம் போட்டு, இரண்டும் சேரும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரடு கொடுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

நிறுத்தி என்ற ஒலி எனக்குத் தட்டுப்படவே இல்லை. நீங்கள் சொன்னபிறகு வேறு எதுவும் கேட்கவும் மாட்டேன் என்கிறது. சரி, சொற்பட்டியலில் மின்னூட்டந்தாங்கி என்றும், இலங்கை வழக்காக ஏற்றந்தாங்கி என்றும் சேர்க்கிறேன். சுற்றுப்படத்தில் மட்டும் இப்போதைக்கு "எலக்ட்ரெட் மைக்" இருக்கட்டும். கடைக்காரரிடம் படத்தை நீட்டினால் அவருக்கும் புரியவேண்டுமே. சுமைத்தடையில் மாற்றமில்லை. யாருக்காவது மறுப்பு இருந்தால் படம் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.