வேலூர்ப் பக்கத்துப் பேச்சு நம் வாயை விட்டுப் போவது எப்படி?

குடியாத்தத்தான்:
சொந்த ஊர் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். 18 வருஷமாகக் கோயம்புத்தூரில் வேலை. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா என் மகளைப் பார்த்து "இன்னா மே, எப்ப வந்த? ஆயா வூட்ல கீதா?" (பாட்டி வீட்டில் இருக்கிறாரா) என்று கேட்க, அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். சரி, நாம் பதில் சொல்வோம் என்று வாயைத் திறந்தால் "இருக்காங்கங்க்கா" என்று வருகிறது. தெருவே சிரித்தது. கோயம்புத்தூரில் என்னடா என்றால் இன்றுவரை என்னை "மெட்ராஸ்காரர்" என்கிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இப்படிப் பேச்சு மாறும்போது எது முதலில் போகிறது, வார்த்தையா, உச்சரிப்பா, அந்த இழுவையா? டிவியும் போனும்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

பாலாற்று மணல்:
தம்பி, நான் வாலாஜா பக்கம், பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். நான் பார்த்தவரை முதலில் போவது பொருளோடு ஒட்டிய வார்த்தை. மாடு கட்டிக் கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் சால் (தண்ணீர் அள்ளும் பாத்திரம்), வடம் (அதை இழுக்கும் கயிறு) எல்லாம் குழந்தைக்கும் தெரியும், பம்ப்செட் வந்ததும் போச்சு. கேவுரு என்று கேட்டால் கடைப்பையனுக்குப் புரிவதில்லை, பாக்கெட்டில் ராகி மாவு என்று அச்சடித்திருக்கிறது. மல்லாட்டை (மணிலாக்கொட்டைதான் அப்படிச் சுருங்கியது) கிராமத்தில் இன்னும் இருக்கிறது, டவுனில் வேர்க்கடலை ஆகிவிட்டது. ஆனால் "வந்துகினு", "சொல்லிகினு" இருக்கிறதே, அது லேசில் போகாது. பொருளின் பெயரை யோசித்து எடுக்கிறோம், கினுவை யாரும் யோசித்துச் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வந்துகினு கொச்சை, வந்துகிட்டு சரி என்று நம் ஆட்களே நினைக்கிறார்கள். இரண்டும் "வந்துகொண்டு" தேய்ந்து வந்ததுதான், ஐயர் வீட்டு "வந்துண்டு"ம் அதே. ஒரே அம்மா பெற்ற மூன்று பிள்ளைகளில் ஒன்றை மட்டும் வாசலில் நிறுத்துகிறோம். ழகரமும் அப்படித்தான். நாம் "வாயப்பயம்" என்றால் சிரிக்கிறார்கள், தெற்கே "வாளப்பளம்" என்றால் யாரும் கண்டுகொள்வதில்லை. "அப்போது" என்று புத்தகத்திலேயே அச்சாகிறதே, அது "அப்பொழுது" ழகரத்தை விழுங்கியதுதானே!

என் பங்கும் இதில் உண்டு. பாடம் வாசிக்கும்போது பழம் என்று சொல்ல வைத்தது சரிதான். மைதானத்தில் பிள்ளைகள் "கெயவி" (கிழவி), "கயனி" (கழனி, அதாவது வயல்) என்று தங்களுக்குள் பேசிக்கொண்டதையும் கூப்பிட்டுத் திருத்தியிருக்கிறேன் பாருங்கள், அதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சென்ட்ரல் பிளாட்பாரம்:
தப்பாக நினைக்க வேண்டாம், நீங்கள் சொல்லும் கீது, இன்னா, கினு எல்லாம் மெட்ராஸ் பாஷைதானே? சினிமா பார்த்து உங்கள் பக்கம் ஒட்டிக்கொண்டதாக இருக்கும்.

ஆம்பூர் பஜார்:
அண்ணே, தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1856இல் ஓடியதே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும்தான். பிழைப்புக்கு மெட்ராஸ் போன கூட்டத்தில் நம் வட ஆற்காட்டு (நம் பக்கத்தின் பழைய மாவட்டப் பெயர்) ஆட்களும் செங்கல்பட்டு ஆட்களும் எத்தனை பேர், அவர்கள் வாயோடுதானே போனார்கள். அப்புறம் சினிமாக்காரர்கள் அந்தப் பேச்சை ரிக்‌ஷாக்காரருக்கும் ரவுடிக்கும் கொடுத்தார்கள், அங்கேதான் வெட்கம் ஆரம்பித்தது. டிவி பார்த்து யாரும் கினுவை விடுவதில்லை, ஆபீசில் நாலு பேர் சிரித்தால் மறுநாளே விடுகிறார்கள். எனக்கே வெளியூரில் ஒரு கம்பெனியில் நடந்தது, ரெண்டு மாதம் மீட்டிங்கில் வாயே திறக்கவில்லை.

எங்கள் வீட்டில் உருது. தமிழ் பஜாரில் கற்றது. அதனால் ஒரு வேடிக்கை, எங்கள் பெரியவர்கள் இன்றும் பேசுவது அச்சு அசல் பழைய வட ஆற்காட்டுத் தமிழ், பாடப்புத்தகம் அவர்களைத் தொடவே இல்லை. பேஜார், உஷார் எல்லாம் உருது தந்தது. "அதுக்கோசரம்" என்கிறோமே, அந்தக் கோசரமும் அப்பாவைக் கூப்பிடும் நைனாவும் தெலுங்கு. அதில் ஆச்சரியம் என்ன, 1911 வரைக்கும் வட ஆற்காட்டுக்குத் தலைநகரமே சித்தூர்தான்.

காட்பாடி மருமகள்:
நான் திருநெல்வேலிக்காரி, இங்கே வாக்கப்பட்டு 11 வருஷம் ஆகுது. வந்த புதிதில் அத்தை "மாமா கொல்லிக்குப் போயிருக்காரு, சோறு எடுத்துனு போ" என்றார்கள். எங்க ஊரில் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடம். நானும் தட்டோடு பின்வாசலைத் திறந்து பார்க்கிறேன், துணி காயுது, மாமாவைக் காணோம். இங்கே கொல்லை என்றால் பயிர் வைக்கிற நிலமாம், அதுவும் ஊருக்கு வெளியே! அத்தை அதை இன்னும் விசேஷ வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போது அம்மாவிடம் போனில் பேசினால் "ஏட்டி, என்ன இழுத்து இழுத்துப் பேசுத" என்கிறாள். பேச்சு போகிறது போகிறது என்கிறீர்கள், எனக்கு வந்து ஒட்டிக்கொண்டதே, அதை எந்தக் கணக்கில் வைப்பது? டவுனில் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் போய்ப் பாருங்கள், கடைப் பலகையில் வங்காளி எழுத்து, ஆட்டோக்கார அண்ணன் நோயாளியோடு ஹிந்தி பேசுகிறார், அடுத்த நிமிஷம் பக்கத்து ஆட்டோவிடம் "இன்னாபா, சவாரி கீதா?" இடத்துக்கு ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜோலார்பேட்டை பாசஞ்சர்:
ஒரே மாவட்டப் பேச்சு என்று எழுதுகிறீர்கள், எங்கள் திருப்பத்தூர்ப் பக்கத்தை விட்டுவிட்டீர்களே. பழைய சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர், எங்கள் ராகம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சாயும். 2019இல்தான் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள், பேச்சு அதற்கு வெகு முன்னாலேயே பிரிந்துதான் இருந்தது.

குடியாத்தத்தான்:
எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்னதைப் படித்துவிட்டு, அம்மா பேச்சைப் பதிவு செய்து வைக்கலாம் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் உட்கார்ந்தேன். பதிவாகிறது என்று சொன்னதுதான் தாமதம், அம்மா செய்தி வாசிக்க ஆரம்பித்துவிட்டாங்க. "நாங்கள் காலையில் எழுந்து வயலுக்குச் செல்வோம்" என்று ழகரம் எல்லாம் சுத்தமாக. பிறந்ததிலிருந்து அந்த வாயில் கயனிதான் கேட்டிருக்கிறேன், வயல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பத்து நிமிஷம் இப்படியே போனது. நடுவில் திடீரென்று போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு கத்தல்: "டேய், ஆடு மல்லாட்டய மேயுது பாரு, இஸ்துகினு வாடா!"

அந்த ஒரு வரிதான் உருப்படியாகக் கிடைத்தது. "இஸ்துகினுன்னா என்னப்பா?" என்று மகள் கேட்டாள். இழுத்துக்கொண்டு என்று சொன்னேன். நாலு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, ராத்திரி சார்ஜரைக் கேட்கும்போது "அத இஸ்துகினு வாப்பா" என்றாள்.