தர்பாரா, நாயகியா? கூட்டம் கலைகிறது, யோசனை வேண்டும்

வணக்கம். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை கர்நாடக இசைப் பதிவுகளைக் கேட்டுப் பேசுகிறோம். மூன்று ஆண்டுகளாக நடக்கிறது. தொடக்கத்தில் 18 பேர். போன மாதம் 7 பேர்.

சிக்கல் இரண்டு மூத்த ரசிகர்களால். ஆலாபனை (பாட்டுக்கு முன் ராகத்தை விரித்துப் பாடுவது) தொடங்கி அரை நிமிடம் ஆவதற்குள் ஒருவர் "தர்பார்" என்பார், மற்றவர் "நாயகி" என்பார். இரண்டு ராகங்களும் 22ஆவது மேளமான (தாய் ராகமான) கரகரப்பிரியாவின் பிள்ளைகள். காந்தாரம் என்ற ஸ்வரத்தைப் ("க") பிடிக்கும் விதத்தில்தான் பெரும்பாலும் வேறுபாடு தெரியும் (தர்பாரில் அது இரட்டித்து அழுத்தமாக வரும்). ஆகவே குழப்பம் நியாயமானதே. ஆனால் பேச்சு ராகத்தோடு நிற்பதில்லை. "உங்கள் குருவுக்கே தெரியாது" என்பது வரை போகிறது. போன மாதம் புதிதாக வந்த கல்லூரிப் பெண் ஒரு சந்தேகம் கேட்டாள். "இதுகூடத் தெரியாமலா வந்தாய்?" என்றார் ஒருவர். பாதி குடித்த காபி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பாட்டு முடியும்வரை ராகப் பெயர் சொல்லக் கூடாது என்று எழுதி ஒட்டினேன். இப்போது ஜாடையில் சண்டை போடுகிறார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று கடிகாரம் வைத்தேன். மணி அடித்த பிறகுதான் குரலே உயர்கிறது. தனித்தனியே பேசினேன்; ஒருவர் மற்றவரைக் கைகாட்டினார். விலக்கிவிடவும் மனமில்லை. எங்களிடம் உள்ள பழைய ஒலிநாடாக்களில் பாதி அவர்கள் கொடுத்தவை.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கிறது. இப்படிக் கூட்டம் நடத்துபவர்களே, ராக விவாதம் ஆள்மீது பாயாமல் தடுக்க உங்களிடம் உண்மையிலேயே பலித்த விதி எது?