பாட்டி வீட்டுப் பித்தளைக் குவளை எம்டன் குண்டா?

பெரம்பூர்ப் பேத்தி:
பாட்டியின் பூஜை அலமாரியில் ஓரடி உயரப் பித்தளைக் குவளை ஒன்று இருக்கிறது. உடம்பெல்லாம் இலைக்கொடி வேலைப்பாடு. நடுவில் 1943 ஓட்டைக் காலணா ஒன்றைப் பற்றவைத்திருக்கிறார்கள். அடியில் 18, பக்கத்தில் பி, ஆர் என்ற ஆங்கில எழுத்துகள், 1916, ஒரு அம்புக்குறி. தெருவில் எல்லோரும் இதை எம்டன் குண்டு என்றே சொல்வார்கள். விற்கக் கேட்கவில்லை. மகளிடம் சரியான கதையோடு கொடுக்க ஆசை.

பழம்பொருள் பிரியன்:
எம்டன் இல்லை, சகோதரி. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டபோது குண்டுதான் கரைக்கு வந்தது. அதைச் செலுத்தும் வெடிமருந்து அடைத்த தோட்டாக்கூடு கப்பலிலேயே தங்கிவிடும். உங்களிடம் இருப்பது கூடு. அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்து முத்திரை. 18 பிஆர் என்றால் 18 பவுண்டர் பீரங்கி. 1916 கூடு தயாரான ஆண்டு. வேலைப்பாடு எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

நாணயக்காரர்:
ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரைதான் அச்சானது. அப்படியென்றால் காசு பிற்பாடு சேர்ந்ததுதான். வீட்டில் யாராவது இரண்டாம் உலகப் போருக்குப் போனார்களா? அப்புறம், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். முத்திரை மழுங்கிவிடும்.

பெரம்பூர்ப் பேத்தி:
தாத்தா 1944-ல் பட்டாளத்தில் வெல்டராக இருந்தார்! காசைப் பற்றவைத்தது அவர் கைதானோ என்று நினைக்கும்போதே கண் கலங்குகிறது. இனி அதில் புளி படாது. இன்றைக்கே பாட்டியிடம் கேட்கிறேன்.